லேபுக்குப் போகாத டான்சில்

பிரேம்குமார் பயந்தாங்கொள்ளி இல்லை. மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் தகடு வெட்டும் மெஷின் முன்னால் நாள் முழுக்க நிற்பவன். அவனையே ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பா கதிகலங்க வைத்துவிட்டது.

டப்பாவுக்குள் மகள் பூவிழியின் டான்சில் மருந்துத் தண்ணீரில் கிடந்தது. ஆபரேஷன் செய்த டாக்டர் நிர்மலா விளக்கமாகச் சொல்லித்தான் கொடுத்தார். "குழந்தைங்களுக்கு எடுக்கற டான்சில வழக்கமா லேபுக்கு அனுப்பறதில்ல. ஆனா பூவிழிக்கு ஒரு பக்கம் மட்டும் ரொம்பப் பெருசா இருந்துது. எதுக்கும் பார்த்துடலாம். லேபுல குடுத்துடுங்க."

எதுக்கும் பார்த்துடலாம்! அண்ணன் கண்ணையனுக்கும் இதையேதான் சொன்னார்கள். புற்றுநோய் என்று ரிப்போர்ட் வந்தது; அடுத்த பொங்கலுக்கு அண்ணன் இல்லை. பார்த்ததால்தான் நோய் வந்தது என்கிற கிறுக்குப் புத்தி அன்றிலிருந்து அவனுக்கு. லேபுக்குப் போகும் வழியில் உப்பனாற்றுப் பாலத்தில் ஸ்கூட்டரை நிறுத்தி, டப்பாவைக் கீழே போட்டுவிட்டான்.

"இன்னாங்க, குடுத்துட்டீங்களா?" என்றாள் மனைவி கலைவாணி.

"குழந்தைங்களுக்கு அதெல்லாம் அனுப்பறதில்லன்னு டாக்டரே சொல்லிட்டாங்க."

அது பொய்யில்லை, டாக்டர் சொன்னதில் முன்பாதி. திரும்பக் காட்டவும் வேண்டாமாம் என்று சொந்தச் சரக்கையும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டான்.

அதன் பிறகு பூவிழி கேட்டபோதெல்லாம் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தான். அவள் தூங்கும்போது கழுத்தைத் தடவிப் பார்த்தான். ஒருநாள் விரலில் நெல்லிக்காய் அளவுக்குக் கட்டி தட்டுப்பட்டது. பெத்த பிள்ளைக்கு நானே எமனாகிவிட்டேனே என்று பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு அழுதான் பாவி.

கட்டியைப் பற்றி மட்டும் கலைவாணியிடம் சொன்னான். மறுநாள் மூவரும் டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

"டான்சில் ரிப்போர்ட் எங்க?"

"நீங்கதான் டெஸ்ட் வேணாம்னீங்களாமே மேடம்," என்றாள் கலைவாணி.

டாக்டர் அவனைப் பார்த்தார். அவன் கலைவாணியின் பக்கம் திரும்பினான்.

"வேணாம்னு சொல்லல. நான்தான் பயந்துபோய் ஆத்துல போட்டுட்டேன்."

கலைவாணி பூவிழியைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

"அது இருந்திருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும்," என்றார் டாக்டர். "இப்ப கழுத்துல வெட்டி எடுத்துப் பார்க்கணும். சாதாரண கட்டியாவும் இருக்கலாம். பார்க்காம எதுவும் சொல்ல முடியாது."

"மறுபடியும் வெட்டுவாங்களாப்பா?" பூவிழியின் உதடு பிதுங்கியது.

"ஆமாம் கண்ணு. அப்பா பண்ண தப்பாலதான்."

"சும்மா சொல்ற. நீ எனக்கு அப்டிலாம் பண்ண மாட்ட," என்று அவள் அவனிடம் கை நீட்டினாள். கலைவாணி அந்தக் கையைப் பிடித்துத் தன் பக்கம் மடக்கிக்கொண்டாள்.