அவலூர்பேட்டையில் ஒரு பிரதி

பூங்குழலி கணினியைத் திறந்து, சர்வரிலிருந்து புராஜெக்டை இறக்கினாள். மண்டிப் பக்கம் பழையபடி இருந்தது. மூட்டை எடை போடும் கட்டத்தைக் காணோம். விவசாயியின் போனுக்குப் போகும் ரசீதையும் காணோம். இரண்டு வாரமாக அவள் எழுதிய ஒரு வரிகூட மிஞ்சவில்லை. மறுபடி இறக்கினாள். அதே பழைய பக்கம்தான் வந்தது.

“பிரசாந்த், நீ இன்னா பண்ண?”

பக்கத்து நாற்காலியில் பிரசாந்த் வடையைப் பிட்டுக்கொண்டிருந்தான். “நான் இன்னா பண்ணேன்? காலையில வந்து, பென்டிரைவ்ல வச்சிருந்த என் வேலைய ஏத்தினேன். ஏற மாட்டேன்னுச்சு. நெட்ல தேடினேன். ஃபோர்ஸ்னு ஒண்ணு சேத்துப் போட்டா ஏறும்னு போட்டிருந்தான். போட்டேன், ஏறிடுச்சு.”

“அது ஏன் ஏற மாட்டேன்னுச்சுன்னு கேட்டியா?”

“அதுகிட்ட போயி இன்னான்னு கேக்கறது?”

“என் வேலை சர்வர்ல இருக்குது, முதல்ல அதை இறக்கிக்கோன்னு சொல்லியிருக்கும்டா. நீ அதைத் தள்ளிட்டு உன் பழசை வச்சிட்ட.”

பிரசாந்த் வடையைக் காகிதத்தில் வைத்தான்.

செஞ்சியில், திண்டிவனம் சாலையில் உரக்கடைக்கு மேல் இருந்தது ஆதவனின் அலுவலகம். சென்னையில் எட்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய ஆதவன், மூன்று கணினிகளை வைத்து பட்டதாரிகளுக்குப் பயிற்சி கொடுத்தான். சாயங்காலத்தில் அதே கணினிகளில் டைப்பிங் வகுப்பு நடக்கும். அவலூர்பேட்டையில் மண்டி வைத்திருக்கும் விநாயகம் ஒரு மென்பொருள் கேட்டிருந்தார். அதையே பயிற்சியாக மூன்று பேரிடம் கொடுத்தான்.

முதல் நாள் அவன் கையில் ஒரு பென்டிரைவ் இருந்தது. “இது யார் கையில இருக்குதோ அவங்கதான் வேலை செய்ய முடியும். மத்தவங்க சும்மா உக்காந்திருக்கணும். கிட்ங்கிற மென்பொருள்ல அப்படி இல்ல. ஒவ்வொருத்தர்கிட்டயும் முழுப் பிரதி இருக்கும். யார் எப்ப எதை மாத்தினாங்கன்னு வரலாறும் அதுலயே இருக்கும். அவங்கவங்க இடத்துல வேலை செஞ்சி, கமிட் போட்டுப் பதிஞ்சி, சர்வருக்கு புஷ் பண்ணி ஏத்தணும். மத்தவங்க செஞ்சதை புல் பண்ணி எடுத்துக்கணும். சர்வரே போனாலும் ஒருத்தர் பிரதி இருந்தா போதும்.” சொல்லிவிட்டு பென்டிரைவை மேசை டிராயரில் போட்டான்.

இன்று சாப்பாட்டுக்குப் பிறகு விநாயகம் பார்க்க வருகிறார். அவருக்குப் பிடித்தால் ஒருவரை நிரந்தரமாக வைத்துக்கொள்வதாக ஆதவன் சொல்லியிருந்தான். அந்த ஒருவர் தானாக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது பூங்குழலிக்குத் தெரியும். திங்கட்கிழமை விடியற்காலை அவள் ஊரான வல்லத்தில், வேலைக்கு ஆள் ஏற்றும் ஷூ கம்பெனி வேன் வந்து நிற்கும். அவள் பெயரை நைனா ஏற்கெனவே கொடுத்துவிட்டார்.

உள்ளே வந்த ஆதவன் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் திரையைப் பார்த்தான். “சரி, பதறாத. உன் போல்டர் எங்க?”

“அழிச்சிட்டேன் சார்.”

“எதை?”

“தெனமும் அழிச்சிட்டுத்தானே போறோம். இப்ப சர்வர்ல இருந்து புதுசா இறக்கினதுதான் இது.”

“ரீசைக்கிள் பின்ல?”

“அதையும் காலி பண்ணிட்டுத்தான் போவேன்.”

ஆதவன் சுவரைப் பார்த்தான். அவனே பிரின்ட் எடுத்து ஒட்டிய காகிதம் அங்கே இருந்தது: டைப்பிங் மாணவர்கள் நோண்டாமல் இருக்க, போகும்போது அவரவர் போல்டரை அழித்துவிட்டுச் செல்லவும். டைப்பிங் வகுப்பு தொடங்கிய வருஷத்துக் காகிதம். கிட் சொல்லிக்கொடுத்த அன்றும் அது அங்கேதான் இருந்தது.

“உங்க லேப்டாப்ல இருக்கும்ல சார்?” என்றான் பிரசாந்த்.

“அது பாண்டிச்சேரியில சர்வீஸ்ல கிடக்குது. சர்வர் கம்பெனிக்கு எழுதிக் கேக்கலாம். இன்னிக்குள்ள பதில் வராது.” ஹெல்மெட்டைக் கழற்றி மேசைமேல் வைத்தான். “வேற யார்கிட்ட இருக்குது?”

யு.பி.எஸ். ஒருமுறை கீச்சிட்டு அடங்கியது.

“அன்புக்கரசி,” என்றான் பிரசாந்த். “ஸ்கூல்ல குடுத்த லேப்டாப்லதான் செய்வா.”

அன்புக்கரசி போன வாரம் நின்றுவிட்டாள். அவலூர்பேட்டை பஸ் ஒரு நாளும் நேரத்துக்கு வந்ததில்லை. ‘டைமுக்கு வர முடியலைன்னா வரவே வேணாம்’ என்று எல்லார் முன்னாலும் ஆதவன் சொன்னான். அவள் பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். பூங்குழலி அப்போது ஒரு வார்த்தை சொல்லவில்லை. இருக்கிற ஒரு இடத்துக்கு ஒரு ஆள் குறைந்தது என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

மாடிப்படிக்குப் போய் போன் போட்டாள். எதிரே ராஜகிரிக் கோட்டை மலை வெயிலில் வெளுத்துக் கிடந்தது. மூன்றாவது தடவைதான் அன்புக்கரசி எடுத்தாள்.

“இன்னாடி, இப்பதான் ஞாபகம் வந்துச்சா?”

பூங்குழலி நடந்ததைச் சொன்னாள்.

“உன் போல்டரை நீயே அழிச்சியா?” அன்புக்கரசி சிரிக்க ஆரம்பித்து நிறுத்தவே இல்லை. “எக்ஸாம் எழுதிட்டு பேப்பரைக் கிழிச்சிப் போட்டுட்டு வந்த மாதிரி இருக்குதுடி.”

“சிரிச்சிக்கோ. நீ கடைசியா எப்ப புல் பண்ண?”

சிரிப்பு நின்றது. “நேத்து சாயங்காலம்.”

“நீதான் வர்றதே இல்லையே?”

“வர வேணாம்னுதானே சொன்னாரு? பாக்க வேணாம்னு சொன்னாரா? நீ இன்னா எழுதறேன்னு தெனமும் பாப்பேன். சாக்கு எடையைக் கழிக்காம விட்டிருந்த. எந்த மண்டியிலடி சாக்கோட சேத்து வெலை போடுவாங்க? என் பிரதியில திருத்தி வச்சிருக்கேன்.”

“அனுப்பியிருக்கலாம்ல?”

“எந்த மூஞ்சிய வச்சிக்கினு அனுப்பறது?”

பூங்குழலி படியில் உட்கார்ந்தாள். “ஏத்துடி. எனக்கு வேற வழி இல்ல. மெயின்ல ஏத்தாத, அங்க பிரசாந்த் வேலை இருக்குது. புதுக் கிளை போட்டு தனியா ஏத்து. ஃபோர்ஸ் மட்டும் போட்டுடாத.”

“எனக்கே பாடமா? இங்க கரண்ட் இல்ல. பேட்டரியும் பேருக்குத்தான் இருக்குது. முயற்சி பண்றேன், வை.”

பூங்குழலி திரும்பி வந்து உட்கார்ந்தாள். எழுந்தாள். மறுபடி உட்கார்ந்து புல் கொடுத்தாள். புதிதாக எதுவும் வரவில்லை. ஆதவன் மோடத்தை அணைத்துப் போட்டான். பிரசாந்த் வடையைத் தொடவில்லை. சாப்பாட்டு டப்பாக்கள் மூடியபடியே இருந்தன. படியில் செருப்புச் சத்தம் கேட்டது. விநாயகம் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார்.

“தம்பி, செஞ்சில ஒரு பதினாறாம் நாள் காரியம். அப்படியே பாத்துட்டுப் போயிடலாம்னு வந்தேன்.”

“உக்காருங்க அண்ணே, டீ சொல்றேன்,” என்று ஆதவன் பிரசாந்தைக் கீழே விரட்டினான்.

பூங்குழலி புல் கொடுத்தாள். ஒன்றுமில்லை. மறுபடி கொடுத்தாள். திரையில் வரிகள் ஓடின. புதுக் கிளை ஒன்று வந்திருந்தது. அவளுடைய கமிட்டுகள் எழுதிய வரிசையிலேயே, தேதியோடு, அவள் பெயரோடு நின்றன. அவற்றுக்கெல்லாம் மேலே ஒன்று: ‘சாக்கு எடை கழிக்கப்பட்டது — அன்புக்கரசி.’

விநாயகம் டீயைக் குடிக்காமல் தானே எண்களைத் தட்டினார். மணிலாக் கடலை, ஐந்து மூட்டை. மொத்த எடையைப் பார்த்தார். மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டார்.

“சாக்கு கழிஞ்சிருக்குதே. அதைத்தான் மறந்திருப்பீங்கன்னு பாத்தேன். யார் போட்டது?”

“எல்லாம் பூங்குழலிதாண்ணே,” என்றான் ஆதவன்.

பிரசாந்த் அவளைப் பார்த்தான். சும்மா இருந்தால் போதும். வேன் வந்து, அவள் இல்லாமலே போய்விடும்.

“சாக்கு கழிச்சது நான் இல்லங்க,” என்றாள். “அன்புக்கரசி. உங்க ஊருதான்.”

“எங்க ஊரா? ஆளு எங்க?”

ஆதவன் டீ டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினான். அவர் டீயைக் குடித்தார். கூலி தனியாக வரவேண்டும், எழுத்து பெரிதாக வேண்டும், ரசீதில் மண்டிப் பெயர் மேலே வேண்டும், எல்லாம் செவ்வாய்க்கிழமைக்குள் என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

“திங்கக்கிழமை வேலைக்கு வந்துரும்மா,” என்றான் ஆதவன்.

அவள் இத்தனை நாளும் கேட்கக் காத்திருந்த வார்த்தை அது. “அப்ப அன்புக்கரசி, சார்?”

“ஒரு சீட்டுதாம்மா இருக்குது.”

“அவளுக்கு சீட்டு எதுக்கு சார்? எங்க இருந்தாலும் முழுப் பிரதி இருக்கும்னு நீங்கதானே சொன்னீங்க.”

ஆதவன் ஹெல்மெட் வாரை இழுத்து இழுத்து விட்டான். “அவர் கேட்டதை எல்லாம் செவ்வாய்க்கிழமைக்குள்ள தனியா முடிப்பியா?”

முடிப்பேன் என்று வாய்வரை வந்தது. “முடியாது சார்.”

“அப்ப அவளையும் கேளு.”

“நீங்க கேளுங்க. வர வேணாம்னு சொன்னது நீங்க.”

அவன் போனை எடுத்தான். ஸ்விட்ச் ஆஃப் என்று வந்தது. மறுபடி போட்டான், மறுபடி அதே குரல். “அவளோட பேட்டரியும் போச்சு போல,” என்றான் பிரசாந்த்.

பூங்குழலியின் கை பழக்கத்தில் போல்டரைத் தேர்ந்து டெலீட் பட்டனுக்குப் போயிருந்தது. அதைப் பார்த்ததும் எடுத்துக்கொண்டாள்.

“அழிக்கலையா? டைப்பிங் பசங்க நோண்டுவானுங்க,” என்றான் பிரசாந்த்.

“நோண்டட்டும்.”

பையை மாட்டிக்கொண்டு படிவரைக்கும் வந்தாள். நைனாவிடம் வேனுக்கு வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அவலூர்பேட்டையில் கரண்ட் வந்ததா என்று தெரியவில்லை. முதல் படியில் நின்றாள். உள்ளே ஆதவன் மறுபடி எண்ணை அழுத்தும் சத்தம் கேட்டது.

இந்தத் தடவை அந்தப் பக்கம் மணி அடித்தது. அவள் இறங்காமல் நின்றாள்.