குடுவைகளுக்கு யார் சாப்பாடு போட்டது

...திரும்ப முதலிலிருந்து சொல்லும்மா என்பார்கள், அவ்வளவுதானே, சொல்லலாம், துறைத்தலைவரிடம் சொன்னேன், விடுதிக் காப்பாளரிடம் சொன்னேன், போன விசாரணையில் கமிட்டி மொத்தத்துக்கும் சொன்னேன், சொல்லிச் சொல்லி எனக்கே ஒப்பிக்கிற மாதிரி ஆகிவிட்டது, என் பிஎச்.டி. கைடு கதவைச் சாத்தினார், நாற்காலியை இழுத்துப் போட்டார், கையை வைத்தார்... முதல் தடவை அழுதேன், அழாமல் நிதானமாகச் சொல் என்றார்கள், நிதானமாகச் சொன்னால் இவ்வளவு நிதானமா என்று ஒரு பார்வை, எப்படித்தான் சொல்லித் தொலைப்பது? கூப்பிடும்வரை இந்த பெஞ்சில் உட்கார வேண்டும், அதே மாடியில்தான் அவர் அறையும், அந்தச் செருப்புச் சத்தம்... இல்லை, பியூன். பாழாய்ப்போன காது, யார் நடந்தாலும் அவர்தான் நடக்கிறார்.

விசாரணை முடிகிறவரை நான் லேபுக்குப் போகக்கூடாதாம், என் பாதுகாப்புக்காக. அவர் போகலாம், கைடு இல்லாமல் லேப் நடக்காதே, நல்ல நியாயம். "உன் நல்லதுக்குத்தாம்மா" என்று கமிட்டித் தலைவி சொன்னபோது என் குடுவைகள்தான் கண்ணில் நின்றன, ஒரு நோயாளியின் கட்டியிலிருந்து எடுத்து நான் வளர்த்த செல்கள், வேறெங்கும் கிடைக்காது, உறையவைத்துச் சேமிக்கும் அளவுக்கு இன்னும் பெருகவில்லை, ஒருநாள் விட்டு ஒருநாள் பழைய திரவத்தை எடுத்துவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும், சாப்பாடு போடுவது என்போம், போடாவிட்டால் செத்துப்போகும், என் பட்டமும் சேர்ந்து போகும். அம்மாவிடம் சொன்னால் "செத்தா சாவுதுடி, நீ கிளம்பி வா" என்கிறாள், போனை வைத்துவிட்டு அவள் தூங்குவதே இல்லை என்று அக்கா சொல்கிறாள்.

லேபில் என் கூட்டாளி ஒருத்தி, ஒல்லியாக இருப்பதால் ஒட்டடைக்குச்சி என்போம், அவள் பார்த்துக்கொள்வாள் என்று நம்பிக்கொண்டிருந்தேன், சற்றுமுன் இந்த வழியாக வந்தாள், பார்க்காத மாதிரி நழுவப் பார்த்தவளை நான்தான் நிறுத்தினேன், செத்துப்போச்சா என்று கேட்டேன். "இல்லடி, நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் தொடவே இல்ல." பின்னே யார்? தரையைப் பார்த்தாள். "சார்தான். அவரே வந்து மாத்துறாரு. உன் வேலை வீணாப் போகக்கூடாதாம்." அந்தக் கை. என் பெயர் ஒட்டிய குடுவையைச் சாய்த்துப் பிடித்து, மூடியைத் திருகி, அதே விரல்களால்... என்ன நினைத்துக்கொண்டு ஊற்றுவார்? பயமா, தந்திரமா, இல்லை நிஜமாகவே அது சாகக்கூடாது என்றா? உள்ளே இதைச் சொன்னால், எவ்வளவு நல்ல மனுஷன் பார் என்பார்கள், சொல்லாவிட்டால் மறைத்தாய் என்பார்கள், புகாருக்குப் பிறகு அவர் தொந்தரவு பண்ணினாரா என்று போன தடவையே கேட்டார்களே, இது தொந்தரவா, இதற்கு என்ன பெயர்...

"உள்ள வாங்கம்மா" என்றார் பியூன். எழுந்தேன். உடம்பு என்னவோ லேசாக இருந்தது, ஏன் என்று கதவைத் தாண்டும்போதுதான் புரிந்தது. சார்தான் என்று அவள் சொன்னாளே, கோபம், அருவருப்பு எல்லாம் அதற்குப் பிறகுதான் வந்தன. முதலில் வந்தது நிம்மதி. அப்பாடா, சார் பார்த்துக்கொள்கிறார் என்றுதான் நினைத்தேன்.