மூன்று நிமிட வரவேற்பு

"நீ மட்டும் போனேன்னா இந்தப் போர்வை அடுப்புக்குள்ள போயிரும். சொல்லிட்டேன்!"

டார்னி, அம்மா விழாக்களுக்குப் போர்த்திப் போகும் தோல் போர்வையைச் சுருட்டி மார்போடு அணைத்துக்கொண்டு சமையலறை வாசலை மறித்து நின்றாள். வீட்டில் இருந்ததோ மின்சார அடுப்பு. அதற்குள் ஒரு முழுக் கோழியே மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நுழைய வேண்டும். ஆனால் மகள் நின்ற தோரணையைப் பார்த்த மெர்லீன், செய்தாலும் செய்வாள் என்று தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"கத்தாதடி. கொழந்தைங்க தூங்குது."

"தூங்க எடமிருந்தாத்தான் தூங்குறதுக்கு! ரெண்டும் பாத்ரூம்ல ஒளிஞ்சு வெளையாடுது."

பொய்யில்லை. மெர்லீனின் தம்பி கிளாரியின் அரசு வீட்டில் மூன்று அறைகள், பதினோரு பேர். முன்னறையில் ஒருவர் புரண்டு படுத்தால் பின்வாசலில் கிடக்கும் நாய் தெருவில் போய் விழும். காலையில் பல் துலக்க வரிசையில் நிற்பவர்கள், முறை வருவதற்குள் பல்லெல்லாம் கொட்டிவிடுமோ என்று பயந்தார்கள். போன வாரம் வீட்டுவசதித் துறையிலிருந்து கடிதம் வந்திருந்தது. ஆறு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. மாதக் கடைசிக்குள் மற்றவர்கள் வெளியேறாவிட்டால் கிளாரிக்கே வீடில்லை.

டார்னி தேடாமல் இல்லை. பதின்மூன்று வீடுகளுக்கு விண்ணப்பம் போட்டாள். முல்லாரா ஊரில் வாடகைக்கு வீடு என்றால் ப்ரெட்டின் ஏஜென்சியைத் தவிர வேறு வாசல் கிடையாது. போனில் பேசும்போது, "தாராளமா வாங்க, வீடு உங்களுக்குத்தான்" என்பார்கள். நேரில் போய்க் கறுத்த முகத்தைக் காட்டினால், "அடடா, இப்பதாங்க போச்சு" என்பார்கள். அப்படிப் போன வீடுகள் அடுத்த வாரமும் விளம்பரத்தில் பல்லிளித்துக்கொண்டிருக்கும். பதின்மூன்று மறுப்புக் கடிதங்களும் ஃபிரிட்ஜ் கதவில் வரிசையாக ஒட்டியிருந்தன. அதைத் திறக்கும்போது காகிதச் சத்தத்தில் பாலே திரிந்துவிடும் என்பான் கிளாரி.

பதினான்காவது விண்ணப்பம்தான் கடைசி நம்பிக்கை. அது ப்ரெட்டின் அம்மா திருமதி வினிஃப்ரெட் குடியிருந்த வீடு. கிழவி முதியோர் இல்லத்துக்கு வந்து எட்டு மாதமாகிறது. அங்கே அவரைத் தினமும் குளிப்பாட்டுவது டார்னி. அவருடைய விரிப்புகளைத் துவைப்பது மெர்லீன். "என் வீட்டுல போய் இருடி கண்ணு, எலுமிச்ச மரத்துக்குத் தண்ணி ஊத்த ஆளில்ல" என்று கிழவியே வாய்விட்டுச் சொல்லியிருந்தார்.

இந்த நேரத்தில்தான் ப்ரெட்டிடமிருந்து போன் வந்தது. ஆற்றங்கரையில் அவன் வெட்டிப் போட்ட புதுக் குடியிருப்புக்குத் திறப்பு விழா. மண்ணின் பூர்வகுடிகளில் மூத்தவர் ஒருவர் வந்து தழைப் புகை போட்டு வரவேற்காமல் இப்போதெல்லாம் ஊரில் ஒரு கொட்டகைகூடத் திறப்பதில்லை. போன வருஷம் பேருந்து நிலையக் கழிப்பறைக்கே மெர்லீன் வரவேற்புச் சொல்லியிருக்கிறாள். நகராட்சித் தலைவர் கைதட்டிவிட்டு முதல் ஆளாக உள்ளே ஓடினார்.

"அத்தை, நீங்க இல்லாம விழாவே இல்ல" என்றிருந்தான் ப்ரெட். தெருவில் எதிரே வந்தால் மெர்லீனை விளக்குக் கம்பத்தைப் பார்ப்பதுபோலப் பார்ப்பவன், மைக் இருக்கும் இடத்தில் மட்டும் உறவு கொண்டாடுவான். "மூனு நிமிஷம் போதும். சோகம் வேணாம். பழைய கதையெல்லாம் வேணாம். டார்னி பேப்பரை நானே பாத்துக்கிறேன்."

அந்தக் கடைசி வார்த்தைக்காகத்தான் மெர்லீன் தலையாட்டினாள்.

"வீடு குடுக்காதவனுக்கு ஊர் குடுக்கப் போறியாம்மா?" என்றாள் டார்னி.

"ஊர் என்னைக்கோ போச்சுடி. வீடாவது வருதான்னு பாப்போம்."

மூலையில் ரொட்டியைப் பியர் போத்தலால் தேய்த்துக்கொண்டிருந்த கிளாரி குறுக்கே வந்தான். "போர்வையக் குடுறி மருமகளே. உங்கம்மா போகலைன்னா அந்த ப்ரெட்டே மேலெல்லாம் கறுப்பு மையப் பூசிக்கிட்டு வந்து நின்னாலும் நிப்பான்."

டார்னிக்குச் சிரிப்பு வரவில்லை. போர்வையை நாற்காலியில் எறிந்துவிட்டு வேலைக்குப் போனாள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கே வெயில் நாற்பத்து மூன்று டிகிரி. ஈக்கள் பறக்கத் தெம்பில்லாமல் நடந்து போயின. குடியிருப்பின் வாயிலில் நீல ரிப்பன். அதற்கு இந்தப் பக்கம் நகராட்சித் தலைவர், வங்கிக்காரர்கள், வீடு வாங்க வந்த குடும்பங்கள் என்று இருநூறு பேர். அந்தப் பக்கம் தெருப் பலகைகள் பளபளத்தன. ஒவ்வொரு தெருவுக்கும் மெர்லீனின் மொழியில் பெயர். போன வருஷம் ப்ரெட்தான் சொற்கள் கேட்டு வாங்கிப் போயிருந்தான். மழை, நிழல், தேன். முதல் தெருவுக்கு வைத்திருந்த பெயருக்கு, வீடு திரும்புதல் என்று பொருள்.

மெர்லீன் போர்வையைப் போர்த்திக்கொண்டு தைலமரத் தழையைத் தகரத் தட்டில் அடுக்கினாள். கிளாரி தீ மூட்டினான். புகை எழும்பியபோது ப்ரெட் குனிந்து அவள் காதருகே வந்தான். அவன் பல் வெண்மைக்கு விமானம் வழி தவறும்.

"அத்தை, ஒரு சின்ன விஷயம். அம்மா வீடு இன்னைக்குக் காலைல போயிருச்சு. சிட்னியிலேர்ந்து ரெண்டு டீச்சருங்க. நல்ல மாதிரி. டார்னிக்கு அடுத்த தடவ பாத்துக்கலாம், என்ன?" கையில் ஓர் உறையைத் திணித்தான். "இது அவளோட கடிதம். தபால் செலவு மிச்சம்."

சொல்லிவிட்டு மைக் முன்னால் போய், "நம்ம எல்லாருக்கும் பிரியமான மெர்லீன் அத்தை!" என்றான்.

கைதட்டல் ஓய்ந்தது. புகை இருநூறு பேரின் கண்ணையும் கரிக்கும்வரை மெர்லீன் நின்றாள். பிறகு உறையைப் பிரித்துக் கடிதத்தை ஒருமுறை படித்து மடித்தாள். போர்வைக்குள்ளிருந்து இன்னொரு காகிதத்தை எடுத்தாள். ப்ரெட்டிடம் நினைவூட்டக் கொண்டுவந்த, டார்னியின் விண்ணப்பப் படிவத்தின் நகல்.

"எங்கள்ல ஒரு வழக்கம் இருக்குங்க. வேத்து ஆளுங்க வந்தா எல்லையிலயே நிக்கணும். நாங்க யாரு, என்னன்னு கேப்போம். பதில் திருப்தியா இருந்தாத்தான் உள்ள வரலாம். வழக்கமா சும்மா ரெண்டு கேள்வி கேட்டுட்டு வுட்டுருவேன். இன்னைக்கு நம்ம ப்ரெட் தம்பி ஆபீஸ் கேள்வியையே கேட்டுர்றேன். அதுல இன்னும் வெவரமா இருக்கு."

கூட்டம் சிரித்தது. ப்ரெட்டும் சிரித்தான், பல் மட்டும்.

"இதுக்கு முன்னாடி எங்க குடியிருந்தீங்க? ஏன் அங்கேர்ந்து கெளம்புனீங்க?"

"சிட்னி! வாடகை தாங்கல!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். மறுபடி சிரிப்பு.

"இப்ப இருக்குற எடத்த எப்படி வச்சிருக்கீங்க? சேதாரம் ஏதாச்சும்?"

கேட்டுவிட்டு ஆற்றைத் திரும்பிப் பார்த்தாள். இருநூறு தலைகளும் கூடத் திரும்பின. பருத்திப் பண்ணைகள் உறிஞ்சியது போக மிஞ்சியிருந்த தண்ணீர், பச்சைப் பாயசம்போல் அசையாமல் கிடந்தது. சிரிப்பு நின்றது. முன்வரிசையில் ஒரு வயதான விவசாயி தொப்பியைக் கழற்றினார்.

"மொத்தம் எத்தனை பேர் வர்றீங்க? இன்னும் எத்தனை பேரக் கூட்டிட்டு வருவீங்க? உங்க நடத்தைக்கு யாரு சாட்சி? சொந்தக்காரங்க சாட்சி செல்லாது."

ஒரு குழந்தை மட்டும், "அம்மா, நாம பாஸா?" என்று கேட்டது.

மெர்லீன் கடிதத்தைப் பிரித்தாள். பதினான்கு முறை வந்த வாசகம்; பார்க்காமலே சொல்லியிருப்பாள்.

"உங்க விண்ணப்பத்துக்கு நன்றி. நெறையப் பேர் விருப்பம் தெரிவிச்சிருந்தாங்க. இந்த முறை உங்களுக்குத் தர முடியலங்கிறத வருத்தத்தோட தெரிவிச்சுக்கிறோம். உங்க தேடல் நல்லபடியா அமைய வாழ்த்துகள்."

தண்ணீர்க் குவளையைத் தகரத் தட்டில் கவிழ்த்தாள். புகை சீறி அடங்கியது. கிளாரி கடிகாரத்தைப் பார்த்து, "ரெண்டு நிமிஷம் அம்பது செகண்டு. பத்து செகண்டு மிச்சங்க்கா" என்றான். இருவரும் பழைய வண்டியில் ஏறினார்கள்.

ரிப்பனுக்கு வெளியே இருநூறு பேர் வெயிலில் வழிந்துகொண்டு நின்றார்கள். போவதா, நிற்பதா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அந்தத் தயக்கம் அரை நிமிடம் நீடித்தது. பிறகு ப்ரெட் கைதட்டினான். நகராட்சித் தலைவர் கத்தரிக்கோலை எடுத்தார். வண்டியின் கண்ணாடி வழியே மெர்லீன் பார்த்துக்கொண்டேதான் போனாள். யாரும் அழைக்கவில்லை. எல்லாரும் உள்ளே போனார்கள்.

திங்கட்கிழமை உள்ளூர்ப் பத்திரிகையில் படம் வந்தது. புகைக்கு நடுவே மெர்லீன், கையில் காகிதம். "அன்போடு வரவேற்கிறார் மெர்லீன் அத்தை" என்று கீழே போட்டிருந்தார்கள்.

அன்று முதியோர் இல்லத்தில் மெர்லீன் துவைத்த துண்டுகளோடு வினிஃப்ரெட்டின் அறைக்குள் நுழைந்தபோது, டார்னி கிழவியைக் குளிப்பாட்டி முடித்துத் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். மாதக் கடைசிக்கு இன்னும் ஒன்பது நாள். வெளியேற வேண்டிய ஐந்து பேருக்காகக் கிளாரி எங்கிருந்தோ ஒரு பழைய கேரவன் வண்டி வீட்டை இழுத்து வந்து ஆற்றோரம் நிறுத்தியிருந்தான்.

"வீடு பிடிச்சிருக்காடி கண்ணு?" என்றார் கிழவி. "எலுமிச்ச காய்ச்சிருக்கா?"

டார்னி அம்மாவைப் பார்த்தாள்.

"கைய தூக்குங்கம்மா, சட்டை போடணும்" என்றாள் கிழவியிடம்.

மெர்லீன் துண்டுகளை அலமாரியில் அடுக்கினாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் ப்ரெட் வந்து உட்காரும் நாற்காலிக்கு நேரெதிரே, பேரப்பிள்ளைகளின் படங்கள் குத்தியிருக்கும் பலகை. அதன் நடுவில் இடம் பண்ணி, பதினான்காவது கடிதத்தை நான்கு மூலையிலும் ஊசி குத்தி மாட்டினாள்.

"என்ன அது, படமா?" என்று கிழவி பூதக்கண்ணாடியைத் தேடி எடுத்தார். சக்கர நாற்காலியை டார்னி பலகைக்கு அருகே தள்ளினாள். கிழவியின் உதடுகள் ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டின. பெயரைத் தாண்டி, அடுத்த வரியில் வந்து நின்றன.

"டார்னி," என்றார், "இது என் வீட்டு விலாசமாச்சேடி?"

"ஆமாம்மா" என்றாள் மெர்லீன். "ஞாயித்துக்கெழம உங்க பையன் வருவாரு. அவரையே வாசிச்சுக் காட்டச் சொல்லுங்க."