நட்சத்திரம் தெரியாத பாதி

செங்கம் ரோட்டு விடுதியில் பன்னிரண்டு வருசமாய்க் கீத்து வேய்கிறவன் கண்ணாயிரம். ஒரு நாள் லீவு போட்டதில்லை. கூட வேலை செய்யும் மூர்த்தி அப்படியில்லை. குடித்துவிட்டு முதலாளியம்மா வினோதினியையே ஏசிவிட்டு ஓடினவன், நாலு மாசம் கழித்துக் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து நின்றான். அந்தம்மா சோறு போட்டு வேலையும் கொடுத்துவிட்டது. அன்றையிலிருந்து கண்ணாயிரத்துக்கு வயிறு எரிந்துகொண்டே இருந்தது. நம்மை ஒரு நாளாவது சாப்பிட்டியான்னு கேட்டிருக்குமா?

விடுதியில் வருசா வருசம் வந்து தங்கும் யூதப் பெண்மணி தாமாருக்கு இன்னும் நாலு நாளில் கூடாரப் பண்டிகை. வெளியே கொட்டாய் போட்டு, ஏழு நாள் அதில் உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டுமாம். பண்டிகைச் சமயத்தில் அவள் இங்கே இருப்பது இதுதான் முதல் தடவை. கூரையை ஆளுக்குப் பாதி வேய்ந்தார்கள். கண்ணாயிரம் தன் பாதியில் சொட்டுத் தண்ணி இறங்காதபடி மூணு அடுக்கு போட்டு இறுக்கினான். மூர்த்தியின் பாதி சந்து சந்தாய்ப் பல்லை இளித்தது.

தாமார் வந்து அண்ணாந்து பார்த்தாள். மூர்த்தி பக்கம் கையைக் காட்டி, "இதுதான் சரி. உள்ளேயிருந்து நட்சத்திரம் தெரியணும். அந்தப் பாதியைப் பிரிச்சுடுங்க," என்றாள்.

"அடிச்சுது பாரு லக்கு!" என்று மேலிருந்து சிரித்தான் மூர்த்தி.

"அப்ப அவனையே பிரிக்கச் சொல்லுங்கம்மா. நாளையிலேருந்து நான் வரலை." கண்ணாயிரம் இறங்கிப் போய்ப் புங்கமரத்தடியில் உட்கார்ந்துகொண்டான்.

தாமார் டீயோடு வந்தாள். "உங்களை மாதிரியே கோவிச்சுக்கிட்டவர் எங்க தீர்க்கதரிசி யோனா. நேத்து பாவமன்னிப்பு நோன்புல அவர் கதையைத்தான் படிச்சோம்."

"யார்கிட்ட கோவிச்சுக்கிட்டாரு?"

"கடவுள்கிட்ட. நினிவேன்னு ஒரு கெட்ட ஊரு. அழியப்போகுதுன்னு சொல்லிட்டு வந்தார். ஊர் திருந்திடுச்சு, கடவுள் மன்னிச்சுட்டார். இவருக்குப் பொறுக்கல. ஊருக்கு வெளியே கொட்டாய் போட்டு உட்கார்ந்து, இனியாவது அழியுமான்னு பார்த்துக்கிட்டே இருந்தார்."

கண்ணாயிரத்துக்குச் சுருக்கென்றது. மறுபடி குடிச்சிட்டு வரமாட்டானான்னு தினம் காலையில் மூர்த்தி பக்கத்தில் போய் மோந்து பார்த்தது யார்?

"கடைசியில என்னாச்சும்மா?"

"இத்தனை பேர் மேல எனக்கு இரக்கம் வரக்கூடாதான்னு கடவுள் கேட்டார்."

"அவரு என்ன சொன்னாரு?"

"அது எழுதலை. கதை அந்தக் கேள்வியோட முடிஞ்சுடுது."

கூரை மேலிருந்து மூர்த்தி கத்தினான். "அண்ணே! நீ போட்ட முடிச்சு அவிழ மாட்டேங்குது. அறுத்துடவா?"

"கத்தியை வெச்சே, கையை ஒடிச்சுடுவேன்!"

டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு ஏணியில் ஏறினான். வயித்தெரிச்சல் ஒண்ணும் அடங்கிவிடவில்லை.

"நெசமாவே நாளைக்கு வரமாட்டியாண்ணே?" மூர்த்தியின் குரல் இறங்கியிருந்தது.

"உன்னை நம்பி இதை விட்டுட்டா? எட்டு மணிக்கு வந்து சேரு. இந்த முனையைப் பிடிடா."