வெயில் பார்க்காத தக்காளி

செல்போன் விளையாட்டுகளில் விவசாயம் என்றால் ஒரு தடவை தட்டினால் முளைக்கும், இன்னொரு தடவை தட்டினால் மூட்டை வந்து விழும். அப்படி ஒன்றைச் செய்ய மாட்டேன் என்று சொல்லித்தான் இந்த வேலையை எடுத்தேன். என் பாத்தியில் மண் காயும். வெயில் நிஜக் கடிகாரத்தோடு ஏறி இறங்கும். பக்கத்து ஆட்டக்காரர் வாய்க்காலை அடைத்தால் உங்கள் பயிர் வாடும்.

சோதனைக்கு முப்பது பேரை உள்ளே விட்டோம். முதல் நாளே முப்பது பேருடைய தக்காளிக் கன்றும் கருகியது.

குழுத் தலைவருக்கு நாங்கள் வைத்த பெயர் தேதி. எதற்கும் ஒரு தேதி குறிப்பார்.

"நாளைக்கு சாயங்காலம் அஞ்சு மணி. அப்பவும் செத்துச்சுன்னா உன் மண்ணைத் தூக்கிட்டு, தட்டினா முளைக்கிற பழைய முறையைப் போட்டுடுவேன்."

"என்கிட்ட நல்லாத்தான் காய்க்குது சார்."

"உன்கிட்ட மட்டும் காய்ச்சு என்ன? ஊருக்கே நீ ஒருத்தன்தான் விளையாடப் போறியா?"

அந்த முப்பதில் ஒருத்தி என் அக்கா. பல் மருத்துவமனையில் டோக்கன் கொடுக்கிறாள். மறுநாள் காலை செருப்பை மாட்டிக்கொண்டே ஆரம்பித்தாள்.

"டேய், நீ சொன்ன அளவுதான் ஊத்துனேன். நேத்து பதினோரு மணிக்குப் பாத்தா சருகு. எங்க வரவேற்பறையில பிளாஸ்டிக் செடி வெச்சிருக்காங்க, அது தேவலை."

"எனக்கு அப்படி ஆகலையே."

"நீ எத்தனை மணிக்குப் பாப்ப?"

"ராத்திரியிலதான்," என்றேன். முன்பு வேலை பார்த்த கிடங்கில் ராத்திரி ஷிப்டை விட்டு இரண்டு வருஷம். பகல் தூக்கம் மட்டும் இன்னும் ராஜினாமா செய்யவில்லை. என் சோதனைப் பாத்தி நான் திறந்தால்தான் ஓடும், மூடினால் நின்றுவிடும். நான் திறந்ததெல்லாம் ராத்திரியில். வெயிலே படாமல் அது எப்படிக் காய்த்தது என்று ஒருநாளும் கேட்கத் தோன்றவில்லை.

"ஆந்தை போட்ட தோட்டம்," என்று சொல்லிவிட்டு அக்கா பஸ்ஸுக்கு ஓடினாள்.

எட்டு மணிக்கே அலுவலகம் போனேன். காலையில் என்னைப் பார்த்தே இராத காவலாளி அடையாள அட்டை கேட்டார். தேதியிடம் நடந்ததைச் சொன்னேன்.

"அப்ப வெயிலைக் குறைச்சிடு. அஞ்சு நிமிஷ வேலை."

"வெயில் மேல தப்பு இல்ல சார். என் மண்ணு மேலதான்."

விரல் ஆழத்துக்கு ஒரே அடுக்கு மண்தான் வைத்திருந்தேன். ஊற்றியதெல்லாம் ஆவியாகாமல் என்ன செய்யும்? கீழே இன்னொரு அடுக்கு போட்டேன். காலையில் ஊற்றினால் தண்ணீர் கீழே இறங்கும், வேர் அங்கிருந்து குடிக்கும். உச்சி வெயிலில் ஊற்றினால் பாதி வீண். வெயில் இல்லாவிட்டால் வளராது என்பதையும் சேர்த்தேன். பத்து மணிக்கு எல்லாருக்கும் புதுக் கன்று கொடுத்துவிட்டு, இமைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

ஐந்து மணிக்கு இருபத்திரண்டு பாத்தி பச்சையாக நின்றது.

"மீதி எட்டு?" என்றார் தேதி.

"ஒழுங்கா ஊத்தல."

"சண்டைக்கு வருவாங்க."

"வரட்டும்."

அரட்டைப் பெட்டியில் ஒருவர் வந்தேவிட்டார்: "என் கன்று செத்துப்போச்சு. விளையாட்டுல கோளாறு."

நான் பதில் அடிப்பதற்குள் பக்கத்துப் பாத்திக்காரர் எழுதினார்: "கோளாறு ஒண்ணும் இல்ல. மத்தியானம் ஒரு மணி வெயில்ல ஊத்துனீங்க, நான் பாத்தேன். நாளைக்குக் காலையில வாங்க, என் பக்கத்து வாய்க்காலைத் திறந்து விடுறேன்."

தேதி அதை இரண்டு முறை படித்தார்.

"சரி, மண்ணு இருக்கட்டும்," என்றார். "பழசையும் அழிச்சிடாத."

அழிக்கவில்லை. அதற்கு நேரமும் இல்லை. அளவுக்கு மீறி ஊற்றினால் வேர் அழுக வேண்டும், என் விளையாட்டில் அது இன்னும் அழுகவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டேன்.