ஸ்தேவான் எழுந்திருக்கும் நேரம்

இரண்டாவது முறையும் பிள்ளைகள் கைதட்டினார்கள்.

வழக்கமாக முதல் கைதட்டலுக்கே அல்சீட் எழுந்துவிடுவான். கோயில் மண்டபத்துச் சமையலறையில் சோற்றைக் கிளறிக்கொண்டிருந்த எர்லீன், தட்டு நீட்டும் ஜன்னல் பக்கம் திரும்பாமலேயே சிரித்துக்கொண்டாள். இந்தத் தடவை வேண்டுமென்றே இழுக்கிறான், பிள்ளைகளை ஏங்கவிடுகிறான் என்று நினைத்தாள்.

"அல்சீட், செத்தது போதும், எழுந்திரு. சோறு குழையுது," என்று உள்ளிருந்தே குரல் கொடுத்தாள்.

வெளியே பிள்ளைகள் கொல்லென்று சிரித்தன. "ஸ்தேவானுக்குச் சோறு குழையுதாம்," என்றது ஒன்று.

எர்லீனின் கணவன் அல்சீட் கரும்பு லாரி ஓட்டுகிறவன். வெட்டுக்காலத்தில் வீட்டுக்கு வருவதே தூங்கத்தான் என்றாலும் சனிக்கிழமை மறைக்கல்வி வகுப்பை மட்டும் விடமாட்டான். சின்னப் பிள்ளைகளுக்குப் புனிதர்கள் கதை சொல்வது அவன் பொறுப்பு. சொல்வது எங்கே, ஆடிக் காட்டுவான். கிறிஸ்தோபர் கதையென்றால் பிள்ளைகளை ஒவ்வொன்றாகத் தோளில் ஏற்றி, முட்டிவரை தண்ணீர் இருப்பதுபோல் கால்களை இழுத்து இழுத்து மண்டபத்தைக் கடப்பான். நெருப்பில் வாட்டப்பட்ட லாரன்ஸ் கதையென்றால் மேசைமேல் படுத்து, "இந்தப் பக்கம் வெந்துடுச்சு, திருப்பிப் போடுங்கடா," என்பான். பிள்ளைகள் எல்லாமாகச் சேர்ந்து அவனைப் புரட்டிப் போடும்.

எர்லீனுக்கு அது பிடிக்காது. ஆறு வயசுப் பிள்ளைகளுக்குச் சாவுக் கதை எதற்கு, பறவைகளோடு பேசினவர் கதையைச் சொல்லக்கூடாதா என்று பலமுறை கேட்டிருக்கிறாள்.

"உனக்கு நான் சாகறதுதான் கண்ணுல படுது. அதுங்களுக்கு நான் எழுந்திருக்கறதுதான் படுது," என்பான் அவன்.

அன்று கல்லெறிந்து கொல்லப்பட்ட ஸ்தேவான் கதை. கல்லுக்குப் பதிலாகக் காலுறைகள். வீட்டிலிருந்து பழைய காலுறைகளை ஒரு மூட்டையாகக் கொண்டுவந்து, ஜோடி ஜோடியாகச் சுருட்டிப் பந்தாக்கி, ஆளுக்கொன்று கையில் கொடுத்திருந்தான்.

மூன்றாவது கைதட்டல் ஒழுங்கில்லாமல் வந்தது. பாதிப் பிள்ளைகள்தான் தட்டின. ஒலிட் டீச்சரின் சிரிப்பு நடுவில் நின்றது.

"எர்லீன், இங்க கொஞ்சம் வாயேன்."

அந்தக் குரலில் ஏதோ இருந்தது. எர்லீன் கரண்டியோடு வெளியே வந்தாள். அல்சீட் பக்கவாட்டில் கிடந்தான். ஒரு கை அடியில் மடங்கியிருந்தது. அப்படி மடக்கிக்கொண்டு யாரும் நடிக்க மாட்டார்கள். சுற்றிலும் காலுறைப் பந்துகள். மகள் கமீல் அவன் காலருகே நின்று, இன்னும் சிரித்த முகத்தோடு, அப்பாவின் பூட்ஸைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

எர்லீன் மண்டியிட்டு அவனைத் திருப்பினாள். கண் திறந்திருந்தது. அது அவளைப் பார்க்கவில்லை.

வாசலில் மேசை தூக்கிக்கொண்டிருந்த அவளுடைய அண்ணன் டெல்மர் ஓடிவந்து நெஞ்சை அழுத்தத் தொடங்கினான். ஒலிட் டீச்சர் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொள்ளச் சொல்லி, பாட்டுப் பாடியபடியே வெளியே அழைத்துப் போனாள். அவளுடைய பாட்டு வாசல் தாண்டும்வரை நடுங்காமல் இருந்தது. எர்லீன் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். என்ன நடக்கிறது என்பது மட்டும் அவளுக்குப் பிடிபடவில்லை. சமையலறையில் சோறு அடிப்பிடிக்கும் வாசனை வந்தது. அடுப்பை அணைக்கணுமே என்று நினைத்தாள். அதைவிட்டால் வேறு நினைப்பே ஓடவில்லை.

மருத்துவமனையில் இளவயது மருத்துவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, முழங்கால் இடிக்கும் அளவுக்கு நெருங்கி உட்கார்ந்தார். இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய் கிழிந்துவிட்டது என்றார். விழும்போதே முடிந்திருக்கும், பக்கத்தில் மருத்துவரே நின்றிருந்தாலும் காப்பாற்றியிருக்க முடியாது என்றார்.

"காலையில ரெண்டு முட்டை சாப்பிட்டாரு," என்றாள் எர்லீன். "நல்லா சாப்பிட்டாரு."

மருத்துவர் தலையசைத்தார்.

"நான் எழுந்திரு, சோறு குழையுதுன்னு சொன்னேன்."

அதற்கும் அவர் தலையசைத்தார். டெல்மர் அவள் விரல்களைப் பிரித்துக் கரண்டியை வாங்கிக்கொண்டான். அதுவரை அது தன் கையில் இருந்ததே அவளுக்குத் தெரியவில்லை. கரண்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவன் கோட்டுப் பைக்குள் செருகிக்கொண்டான்.

அதற்குப் பிறகு வீடு நிறைய ஆட்கள். கம்போ குழம்பும் சோறும் பானை பானையாக வந்தன. கரும்பு லாரிக்காரர்கள் செருப்பு மண்ணோடு உள்ளே வரத் தயங்கி முற்றத்திலேயே நின்றார்கள். எர்லீன் எல்லோருக்கும் காப்பி கொடுத்தாள். கொடுத்தவர்களுக்கே மறுபடியும் கொடுத்தாள். அழு, கொஞ்சம் அழுதுவிடு என்று யார் யாரோ முதுகைத் தடவினார்கள். அழுகை வரவில்லை. பின்கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் தலை மட்டும் தானாகத் திரும்பியது.

கமீல் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, கைகளின் மேலேயே உட்கார்ந்திருந்தாள். யாராவது ஊட்டினால் சாப்பிட்டாள். கையை மட்டும் எடுக்கவில்லை. குளிருதோ என்னவோ என்று போர்வை கொண்டுவந்து போர்த்தினார்கள்.

அடக்கத்தன்று காலையில் எர்லீன் அவளுக்கு நீலநிறக் கவுனை மாட்டி, தலை வாரி, கட்டில் விளிம்பில் உட்கார வைத்தாள். பெட்டியைத் திறந்து சுருட்டிவைத்திருந்த வெள்ளைக் காலுறையை எடுத்தாள். கமீல் சட்டென்று கால்களை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"வேணாம்."

"கோயில்ல தரை சில்லுன்னு இருக்கும். காலைக் குடு."

"வேணாம்மா."

"கமீல், நேரமாகுது. இன்னிக்கு மட்டும் என்னைப் படுத்தாதே."

பிள்ளை சுவரோடு ஒட்டிக்கொண்டாள். எர்லீன் அவள் கணுக்காலைப் பிடித்து இழுத்தாள். பிள்ளை உதைத்தாள். எர்லீன் கையை ஓங்கிவிட்டாள். ஓங்கிய கை அப்படியே நிற்க, கமீல் அதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நான்தான் கடைசியா போட்டேன்."

"என்னது?"

"எல்லாரும் போட்டுட்டாங்க. அப்பா, 'கமீல், பலமா, இன்னும் பலமா'ன்னு சொன்னாரு. நான் போட்டேன். இங்க பட்டுச்சு." தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். "உடனே விழுந்துட்டாரு."

எர்லீன் கட்டிலில் உட்கார்ந்தாள். மூன்று நாளாக இந்த வீட்டில் எத்தனை பேர், எவ்வளவு பேச்சு. இந்தப் பிள்ளை கைகளின் மேல் உட்கார்ந்துகொண்டு இதைத் தனியாக வைத்துக்கொண்டிருந்திருக்கிறது. சொல்லிப் புரியவைக்க வார்த்தை தேடினாள். மருத்துவர் சொன்னது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. எழுந்து அறையின் மறுபக்கம் போய்ச் சுவருக்கு முதுகு காட்டி நின்றாள். கையிலிருந்த காலுறைப் பந்தைப் பிள்ளையின் மடிக்குத் தூக்கிப் போட்டாள்.

"என் மேல எறி."

கமீல் தலையை ஆட்டினாள்.

"எறி கமீல். இங்க." தன் நெஞ்சைத் தட்டிக் காட்டினாள்.

பிள்ளை பந்தை விரல் நுனியால் தொட்டாள். பிறகு எடுத்தாள். மெல்ல வீசினாள். அது பாதி தூரம்கூட வரவில்லை. எர்லீன் பொறுக்கித் திருப்பிக் கொடுத்தாள்.

"பலமா."

இம்முறை தோளில் பட்டது. அடுத்தது வயிற்றில். அதற்கடுத்தது நெஞ்சில், சரியாக அங்கேயே. பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். எர்லீன் நின்றாள்.

"வலிச்சுதா?"

"இல்ல. இன்னும் பலமா எறி."

கமீல் கட்டிலைவிட்டு இறங்கினாள். பல்லைக் கடித்துக்கொண்டு எறிந்தாள். தானே ஓடிப் பொறுக்கிக்கொண்டு வந்து மறுபடி எறிந்தாள். பிள்ளைக்கு முகமெல்லாம் கண்ணீர். கார் வந்துவிட்டது என்று சொல்லவந்த டெல்மர், தொப்பியைக் கையில் பிடித்தபடி வாசலில் அப்படியே நின்றான்.

"என்னம்மா பண்றீங்க?"

"நீயும் வந்து இங்க நில்லுண்ணா."

அவன் தங்கையின் முகத்தைப் பார்த்தான். வந்து அவள் பக்கத்தில் சுவரோடு நின்றான். பந்து அவனுடைய கறுப்புக் கோட்டில் பட்டு விழுந்தது. இன்னொரு முறையும் பட்டு விழுந்தது.

கமீலின் கை தளர்ந்துவிட்டது. "அப்போ அப்பா ஏன் விழுந்தாரு?"

"அவருக்கு உள்ள ஒரு குழாய் கிழிஞ்சிடுச்சு. வெளியிலேர்ந்து யாரும் அதைக் கிழிக்க முடியாது."

"ஒலிட் டீச்சரால?"

"முடியாது."

"கல்லாலகூட?"

"நீ எறிஞ்சது காலுறை. காலுறையால யாருக்கும் ஒண்ணும் ஆகாது."

பிள்ளை யோசித்தாள். "எழுந்திருக்கணும்னு அவருக்கு மறந்துபோச்சா?"

டெல்மர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"மறக்கலடி. முடியல."

கமீல் தரையில் உட்கார்ந்து, பந்தைப் பிரித்து, தானே காலுறையைப் போட்டுக்கொண்டாள். ஒன்றில் குதிகால் மேல்பக்கம் வந்துவிட்டது. யாரும் திருத்தவில்லை.

பூசையில் சாமியார் அல்சீட்டைப் பற்றி அதிகம் பேசவில்லை. இத்தனை பேரால் கோயிலை முதல் வரிசைவரை நிரப்பியவனைப் பற்றி நான் புதிதாக என்ன சொல்ல என்றார். வகுப்புப் பிள்ளைகள் எல்லாம் வந்திருந்தன. திருப்பலி முடிந்து சவப்பெட்டியைத் தூக்கும்போது, பின்னால் இருந்த சின்னப் பெண் ஒருத்தி கமீலின் தோளைத் தொட்டு, "எப்ப எழுந்திருப்பாரு?" என்று கேட்டாள். அவளுடைய அம்மா அவள் வாயைப் பொத்தினாள்.

கமீல் திரும்பிப் பார்த்தாள். "இன்னிக்கு இல்ல," என்றாள். எர்லீன் அதைக் கேட்டாள். திருத்தவில்லை.

தோண்டினால் தண்ணீர் நிற்கிற மண் அது. கல்லறைகள் எல்லாம் தரைக்கு மேலேதான். பெட்டியைச் செங்கல் அறைக்குள் தள்ளியதும், கொத்தனார் ஓவீட் அதன் வாயை அடைத்துப் பூசினார். கல்லறைத் திருநாளுக்கென்று எல்லாக் கல்லறைகளுக்கும் வெள்ளையடித்திருந்தார்கள். இது மட்டும் சாம்பல் நிறமாக நின்றால் நன்றாக இருக்காது என்று அவர் அப்போதே வாளியைத் திறந்து சுண்ணாம்பு அடித்தார். கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்தது. லாரிக்காரர்கள் தொப்பியைப் போட்டுக்கொண்டு ஆலைப் பக்கம் போனார்கள். டெல்மர் காரருகே காத்திருந்தான்.

கமீல் சுவரருகே போய்க் கையை நீட்டினாள்.

"தொடாதம்மா, இன்னும் ஈரம்," என்றார் ஓவீட், பிரஷைக் கழுவியபடி.

"எப்ப காயும்?"

அவர் வானத்தைப் பார்த்தார். "இந்தக் காத்துல சாயங்காலம் ஆயிடும்."

பிள்ளை நீட்டிய கையை மடக்கவில்லை. உள்ளங்கை சுவருக்கு ஒரு விரல் தூரத்தில் அப்படியே நின்றது. டெல்மர் கார்க் கதவைத் திறந்துவிட்டு இவர்களைப் பார்த்தான். எர்லீன் அவனைப் போகச் சொல்லிக் கையசைத்தாள். பிறகு கறுப்புக் கவுனை ஒதுக்கிக்கொண்டு, மகளுக்குப் பக்கத்தில் புல்லில் உட்கார்ந்தாள்.