6238ஆம் எண் மரம்

1987ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஆல்டன் லிண்ட்குவிஸ்ட் ஹெம்லாக் என்ற ஊசியிலை மரமாகப் பதிவானார். நெஞ்சுயரத்தில் விட்டம் முப்பத்தைந்து சென்டிமீட்டர், எண் 6238. வாஷிங்டன் மாநிலத்து மலைச்சரிவில், ஐந்நூறு வயதுக் காட்டில் ஒரு துண்டைக் கயிறு கட்டிப் பிரித்து, ஐந்தாண்டுக்கு ஒருமுறை எந்த மரம் உயிரோடிருக்கிறது, எது எதனால் செத்தது என்று எழுதிவந்தார்கள். ஒருவர் அளந்து சொல்ல, மற்றவர் திருப்பிச் சொல்லி எழுத வேண்டும். நடுவில் யாரும் பேசக்கூடாது. பேசினால் எண் பிசகும். எழுதியவள் ஆல்டனின் மனைவி வெர்னா. அன்று கொட்டும் மழை. அவளுக்குக் காப்பி கொண்டுவந்த ஆல்டன், எண்கள் முடியட்டும் என்று பழுப்பு மழைக்கோட்டோடு மரங்களுக்கிடையே அசையாமல் நின்றார். அளக்கும் டெல்பர்ட், கண்ணாடியில் நீர் வழிய, அவர் நெஞ்சைச் சுற்றி நாடாவைப் போட்டுவிட்டுக் கோட்டில் எண் தகட்டை அறைந்தான். ஆல்டன் வாய் திறக்கவில்லை. வெர்னா தலை நிமிராமல் எழுதினாள். மாலையில் கூப்பிட்டபோது அவருக்குக் கால் வரவில்லை. வேர் இறங்கியிருந்தது.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?" என்றாள்.

"நடுவுல பேசுனா நீ கடிச்சுக் கொதறிருவியே."

ஊர் இரண்டு வாரம் வந்து பார்த்தது. பிறகு ஆற்றில் சால்மன் மீன் ஏறத் தொடங்கியதும் வருவது நின்றது. கணக்குப் புத்தகத்தில் ஏறிய மரம் செத்தால்தான் இறங்கும் என்று அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. செத்ததாக எழுதி அவரை வீட்டுக்குக் கூட்டிப்போகலாமென வெர்னா பென்சிலை எடுத்தாள். முதல் எழுத்துக்கே அவர் உதடு நீலம் பாரித்தது. அழித்துவிட்டாள்.

அவர் நின்ற இடம் மோசம். ஆறு மீட்டருக்குள் ஒன்பது ஹெம்லாக்குகள். ஒரே இனம், ஒரே ஆழத்தில் வேர், ஒரே ஈரத்துக்கு அடிபிடி. மேலே, வெயிலை மொத்தமாக விழுங்கும் கிழட்டு டக்ளஸ் ஃபிர் மரம். பெரிய மரத்தைக் காற்று கொல்லும், சின்னதை அக்கம்பக்கத்து மரம் நெருக்கியே கொல்லும் என்பது வெர்னாவுக்குத் தெரியும். பக்கம் பக்கமாக அவளே எழுதியது. 1992இல் ஆல்டன் ஒரு மில்லிமீட்டர்கூடத் தடிக்கவில்லை. 1997இல் உச்சியில் ஒரு கைப்பிடி ஊசியிலைதான் மிச்சம். பேச்சு நாளைக்கு நாலு சொல்.

"பக்கத்துல ரெண்டே மரத்த வெட்டுனாப் போதும், டெல்பர்ட். யாருக்குத் தெரியப்போவுது?"

"ஒரு கெளைய ஒடிச்சதுக்கே கணக்கு பொய்யாப்போச்சுன்னு என்னை நாள் பூரா வஞ்சவ நீ."

"அது மரத்துக்குச் சொன்னது."

"புஸ்தகத்துல அவரும் மரந்தான், வெர்னா." சொல்லிவிட்டு டெல்பர்ட் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

மறுநாள் அவள் ரம்பத்தோடு தனியாகப் போனாள். வேண்டாமென்று ஆல்டன் தடுப்பார், தடுத்ததும் திரும்பிவிடலாம் என்றிருந்தாள். எறும்பு செத்தாலும் வருத்தப்படுகிற மனிதர் அவர்.

"மேக்கால நிக்கிற சின்னது," என்றார் ஆல்டன். அன்றைக்கு அவர் பேசியது அவ்வளவுதான்.

அது மணிக்கட்டுப் பருமன்கூட இல்லாத கன்று. அவர் அதைப் பார்த்த பார்வையை முப்பது வருடக் குடித்தனத்தில் அவள் கண்டதில்லை. ரம்பத்தை உறையிலிட்டுக்கொண்டு இறங்கிவிட்டாள்.

1999 குளிர்காலத்தில் புயல் டக்ளஸ் ஃபிரை வேரோடு சாய்த்தது. அது விழும்போது ஆறு ஹெம்லாக்குகளையும் இழுத்துக்கொண்டு போனது. காட்டில் ஒரு முற்றம் அளவுக்கு வெயில் இறங்கியது. 2002இல் ஆல்டன் இரண்டு சென்டிமீட்டர் தடித்திருந்தார். முகம் இருந்த இடத்தைப் பட்டை மூடியது. உச்சியில் காய்கள் தொங்கின. அவர் பிழைத்ததற்கு வெர்னா தேவாலயத்தில் மெழுகுவத்தி ஏற்றினாள். சாப்பிட உட்கார்ந்தால் மட்டும் சோறு இறங்கவில்லை.

2007இல் மேற்கே நின்ற கன்று, நின்றபடியே காய்ந்திருந்தது. ஒடிவில்லை, வண்டில்லை, காளானில்லை. டெல்பர்ட் பட்டையை உரித்துப் பார்த்தான்.

"காரணம் என்னன்னு போட?" என்று கேட்டாள் வெர்னா.

"ஒனக்குத் தெரியாதா?"

நெருக்கம் என்று எழுதினாள். எந்த மரத்தின் நெருக்கம் என்று கேட்கும் கட்டத்தில் 6238 என்று எழுதி, அடியில் தன் பெயரைப் போட்டாள். பிறகு இருவரும் அடுத்த மரத்துக்குப் போனார்கள்.